ஹெலன் வேன் பார்க்கிறார்

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் ஹெலன் அதைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். புதுப்புடவை என்றால் முந்தானையை அல்ல, மடித்து அடித்த ஓரத்தை. பை என்றால் வார் தைத்திருக்கும் அடிப்பகுதியை. நான் அவர் வீட்டுக்குப் போன அன்று வாசலில் கழற்றிப் போட்ட என் செருப்பையும் விடவில்லை. ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டு விட்டுடுச்சு. மழைக்கு முன்னாடி மாத்திடுங்க" என்றார்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வருகிற ஒவ்வொரு ஷூவின் உள்தையலையும் கட்டைவிரலால் தடவி, பழுது இருந்தால் ஓரமாக எறிவது வேலை. "கண்ணு ஏமாந்துடும். விரல் ஏமாறாது" என்பார். அந்த வேலையைப் போன மாதம் விட்டுவிட்டார். வேன் ஓட்டுவதற்காக.

பேரணாம்பட்டுச் சாலையை ஒட்டிய அவருடைய ஊரிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் பதினான்கு பெண்கள் அதே கம்பெனிக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு சரி. அதுவரைக்கும் ஷேர் ஆட்டோ. ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் பத்துப் பேர் ஏறுவார்கள். போன ஐப்பசி மழையில், ஏரிக்கரைத் திருப்பத்தில் அந்த ஆட்டோ கவிழ்ந்தது. ஹெலனுக்குப் பக்கத்தில் இருந்த பூங்காவனத்துக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கட்டைவிரல்தான் முன்போல மடங்கவில்லை. அந்தக் கம்பெனியிலேயே மெஷினில் வேகமான கை அது. இப்போது அட்டைப்பெட்டி மடிக்கிறது.

"ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தோம். எனக்கு ஒரு கீறல் கூட இல்ல. அதான் பேஜாரு" என்று ஹெலன் ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

பேசாமல் செய்தது வேறு. நாற்பத்திரண்டு வயதில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தார். லைசென்ஸ் எடுத்தார். சொந்தமாக வேன் இருந்தால் அந்த வழியில் ஆள் ஏற்றி வரும் வேலையைத் தனக்குத் தருவார்களா என்று கம்பெனியில் போய்க் கேட்டார். தருகிறோம் என்றார்கள். அப்புறம்தான் வீட்டில் சொன்னார். அவர் கணவர் இன்பராஜ் ஒயரிங் வேலை செய்கிறவர், மின்சாரத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்.

"கம்பெனிய வுட்டுட்டு ஒரு வண்டிய நம்பப் போறியா?"

"கம்பெனிக்குத்தானே ஓட்டப் போறேன்!"

முதலில் பார்த்த வேன் வேலூரில், ஒரு தரகர் காட்டியது. பளபளவென்று இருந்தது. மீட்டரில் எண்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர். "ஸ்கூல் வண்டிமா. கிட்டக் கிட்டவே ஓடுனது" என்றார் தரகர். இன்பராஜுக்கு அங்கேயே முடித்துவிட ஆசை. ஹெலன் கதவைத் திறந்தார். சீட்டில் ஏறவில்லை. வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, பிரேக் மிதியின் ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். வரிகள் மொத்தமாக மழுங்கி, ஓரத்தில் இரும்பு தெரிந்தது.

"அண்ணே, ஷூவோட அடிப்பாகத்தப் பாத்தா எவ்ளோ நடந்திருக்கான்னு எனக்குத் தெரியும். இது எண்பதாயிரம் நடந்த கால் இல்ல" என்று எழுந்துவிட்டார். தரகர் பின்னாலேயே வந்து விலையைக் குறைத்துக்கொண்டே போனார். ஹெலன் பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பவில்லை.

இரண்டாவது வேன் குடியாத்தத்தில். லுங்கி வியாபாரம் செய்யும் செங்கல்வராயனுடையது. பதினாறு சீட், டீசல். மீட்டரில் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.

"இன்னாது, மூணு லட்சமா? அது வண்டியா, காயலாங்கடை சரக்கா?" என்றார் இன்பராஜ்.

செங்கல்வராயன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஓடுனது ஓடுனதுதாங்க. ரெண்டு லட்சத்து அறுபதாயிரத்துல என்ஜினப் பிரிச்சு வேலை பாத்தேன். பில்லு இருக்கு, பாருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். ஹெலன் பில்லை வாங்கும் முன் பானெட்டைத் தொட்டார். சூடாக இருந்தது. காலையில்தான் பண்டல் இறக்கிவிட்டு வந்தேன் என்றார் செங்கல்வராயன்.

"அப்ப நாளைக்கி வர்றேண்ணே. நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"நாளைக்கி வேற பார்ட்டி வர்றாங்கமா."

"வரட்டும். சூடான என்ஜின் எல்லாம் நல்லாத்தான் பேசும். எனக்கு ஆறிப்போனது வேணும்."

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போகாமல் விடியும்போதே முதல் பஸ் பிடித்தார். கூடவே இன்பராஜும், ஆம்பூர் டீசல் மெக்கானிக் சமீருல்லாவும். சாவியை இரண்டாவது தடவை திருப்பியதும் என்ஜின் ஸ்டார்ட் ஆனது. பின்னால் வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது. சமீருல்லா விரலை நீட்டி எண்ணினார், பதினைந்துக்குள் அது மறைந்துவிட்டது. என்ஜினில் ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றி, அந்தத் துளைமேலேயே கவிழ்த்து வைத்தார். "என்ஜின் தேஞ்சிருந்தா இது குதிச்சுக் கீழ வுழும்" என்றார். மூடி நடுங்கியது, விழவில்லை.

வேனைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. ஆகவே ஹெலன் கோணியை விரித்து அதன் அடியில் போய்ப் படுத்துவிட்டார். புடவைக் கொசுவம் மட்டும் வெளியே தெரிந்தது. இன்பராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. பிறகு குரல் வந்தது: "பாய், பின்பக்கம் ஒரு பட்டை வெடிச்சிருக்கு."

சமீருல்லா குனிந்து பார்த்து, ஸ்பிரிங் பட்டைதான் என்று ஒத்துக்கொண்டார். கிளட்சும் ரொம்ப நாள் தாங்காது. "வாங்கலாம்மா. வாங்காமலும் இருக்கலாம். ஒரு வருஷம் ஓடும். அதுக்கு மேல நான் சத்தியம் பண்ணமாட்டேன். வழியில நின்னாலும் நிக்கும்."

"நின்னா இறங்கி நடப்போம் பாய். கவுறக் கூடாது. பிரேக்கு?"

"பிரேக்கு சுத்தம். அடியில சேஸ்லயும் துரு இல்ல."

ஹெலன் கையிலிருந்த கிரீஸைக் கோணியில் துடைத்தார். இன்பராஜ் கிட்டே வந்து, "வேற வண்டி பாக்கலாமே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "இதுல இன்னா ரிப்பேருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. தெரியாத வண்டிய நான் தேட மாட்டேன்" என்றார் ஹெலன்.

பட்டையும் கிளட்சும் செங்கல்வராயன் செலவில் மாற்றித் தருவதாகப் பேச்சு முடிந்தது. அடுத்த சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனோம். இன்பராஜ், சமீருல்லாவோடு என்னையும் வரச் சொல்லியிருந்தார். செங்கல்வராயன் மனைவி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். ஹெலன் கண்ணை மூடி உதடு அசையாமல் ஜெபம் பண்ணினார். புது ஓட்டுநர் ஏறி உட்காருவதைப் பார்க்கத் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். டிரைவர் சீட்டுக் கதவை இன்பராஜே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹெலன் சாவியைச் சமீருல்லாவிடம் கொடுத்தார். பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறி, குனிந்தபடியே எல்லா சீட்டையும் தாண்டிப் போய், கடைசி வரிசை மூலையில், பின்சக்கரத்துக்கு மேலே, குலுங்கல் அதிகம் தெரியும் இடத்தில் உட்கார்ந்தார். கம்பெனிக்குப் போகிற பெண்களைப் போலச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"குழி இருக்கிற ரோட்லயே போங்க பாய்" என்றார்.