மலையில் ஒரு வெள்ளைக் கோடு

என் வீட்டுக்காரருக்கு மலைப் பைத்தியம். கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் ஒழுங்காக டிராக்டர் ஓட்டுவார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு கொண்டுபோய்ப் போடுவார். அரவை நின்றதோ இல்லையோ, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிடுவார். கோயிலுக்கு இல்லை, வியாபாரத்துக்கு இல்லை, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் இல்லை. எதற்கு என்று கேட்டால், "அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு வரேன்" என்பார். பார்த்துவிட்டு வந்தால் அதற்கும் அந்தாண்டை இன்னொன்று இருக்கும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் எழுதுவதை அவர் ஒரு நாளும் படித்ததில்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். மலை ஊர்களின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

இந்தப் பைத்தியத்தை முற்றவைத்தது ஆலை வாசல்தான். கரும்பு வண்டிகள் வரிசையில் நின்றால் எடை போட உள்ளே போக ஒரு பகல் முழுக்க ஆகும். மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடுவார்கள், டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். இவர் போனைத் திறந்து, மேலே இருந்து எடுத்த மலைப்படத்தைக் கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த ஓடை எங்கே திரும்புகிறது, எந்த மொட்டைப் பாறைக்குப் பக்கத்தில் நான்கு கூரை தெரிகிறது என்றெல்லாம் அங்கேயே பார்த்து வைத்துக்கொள்வார். வாழப்பாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டால் முழிப்பார். மனிதர் போகாத மலைமுகட்டுக்கு வழி கேட்டால் பொழுது போவது தெரியாமல் சொல்வார்.

அவரை மாதிரியே இன்னும் சிலர் இருக்கிறார்கள், போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சென்னையில் பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர். பார்க்கிற அருவியில் எல்லாம் தலையை நனைத்தாக வேண்டும் அவருக்கு. நனைக்காத அருவியை நினைத்தால் தூக்கம் வராது என்பார். கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் பழைய காலத்துக் கல்திட்டைகளைத் தேடி வருவார். மூன்றாமவர் செல்போன் கடை வைத்திருக்கிறவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தாராம். அவர் அருவியும் பார்க்க மாட்டார், கல்லும் பார்க்க மாட்டார். நடந்து களைத்தால் போதும் அவருக்கு. முதலில் இவர்களை வேலையற்றவர்கள் என்று நினைத்தேன். பிறகு பாவமாக இருந்தது. போன் கடைக்காரருக்கு மட்டும் கேட்காமலே இரண்டு இட்லி கூடுதலாக வைப்பேன்.

ஆரம்பத்தில் இவர்கள் எந்தச் சிற்றூருக்குள் நுழைந்தாலும் அங்கே ஈ காக்கை இருக்காதாம். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். எல்லோரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று பேங்க்காரர் வருத்தப்பட்டு வீடியோ எல்லாம் எடுத்தாராம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பூட்ஸ் போட்டு, பை மாட்டி, நான்கு ஆண்கள் பேசாமல் வரிசையாக ஏறி வந்தால், சாராய ரெய்டுக்கு வருகிற போலீஸ் என்று ஊரே காட்டுக்குள் ஓடியிருக்கிறது. காய்ச்சுகிறவர் ஒருவர் இருந்தாலும் ஓடுகிறவர்கள் எல்லோரும்தானே. என் வீட்டுக்காரர் மட்டும் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் வேலிக்குப் பின்னால் இருந்து, யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டாளாம். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றிருக்கிறார். யார் வீட்டுக்கும் வராமல் ஒருவன் மலை ஏறி வருவான் என்பது அந்த ஊரில் யாருக்கும் புரிகிற சங்கதி இல்லை. அவள் கொஞ்ச நேரம் யோசித்து, அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சாமைச் சோறு போட்டு, அண்ணனாக்கிக்கொண்டாள். இதையெல்லாம் அவர் வந்து என்னிடம் சொல்லியிருப்பார். நான் ரேஷன் அரிசி பொறுக்கிக்கொண்டே உம் கொட்டியிருப்பேன்.

அந்த ஊரில்தான் அவருக்கு ஒரு கோடு பிடிபட்டது. போன் படத்தில் ஊருக்கு மேற்கே ஒரு வெறும் சரிவு. அதில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஏறிப் போகிறது. முகட்டில் அடர்ந்த மரக்கூட்டம் வந்ததும் கோடு மறைந்துவிடுகிறது. முகட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஊரிலிருந்து அதே மாதிரி ஒரு கோடு ஏறி வந்து அதே மரக்கூட்டத்தில் மறைகிறது. இரண்டும் உள்ளே சேருகின்றனவா? இதுதான் அவருடைய கேள்வி. இந்த ஊரில் கேட்டால் அங்கே பாதையே இல்லை என்றார்கள். சாலை வழியாகச் சுற்றிப் போய் அந்த ஊரில் கேட்டால் அவர்களும் பாதை இல்லை என்றார்கள். இரண்டு தரம் தானே ஏறிப் பார்த்தார். இரண்டு தரமும் யாராவது ஓர் ஆள் பின்னாலேயே வந்து, கரடி இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்துக்கொண்டு, "கால் நடந்தாத்தான் கோடு வுழும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அதற்குள் கால் போய்விட்டது. சர்க்கரை நோய் அவருக்குப் பல வருஷமாக உண்டு. கரும்பு ஓட்டியே சர்க்கரை ஏறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். மூன்றாவது தரம் அந்தச் சரிவில் ஏறியபோது பூட்ஸுக்குள் ஒரு கூழாங்கல் இருந்திருக்கிறது. மரத்துப்போன காலுக்கு அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் உள்ளே ரத்தம். புண் ஆறாமல், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு நாள் ஒரு பெண் வந்து, வார்டு வாசலில் நின்று எங்கண்ணன் எங்கே என்று கேட்டாள். இவருக்குக் கூடப்பிறந்த தங்கை யாரும் கிடையாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ, எவளோ என்று அவளை ஏற இறங்கப் பார்த்தேன். அவள் நேராகப் போய்க் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, என்னைப் பார்த்து அண்ணி என்று கூப்பிட்டு, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு பாட்டில் மலைத்தேன், ஒரு பொட்டலம் பலாச்சுளை. சர்க்கரை நோயில் விரலை எடுத்துப் படுத்திருக்கிறவருக்கு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சந்தேகமும் போனது; சாமைச் சோறு போட்டவள் இவள்தான்.

அவர் அவளிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. அந்தப் பாதை சேருகிறதா என்று ஒன்றைத்தான் கேட்டார். அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்து, அங்கே பாதை ஏதும் இல்லையே அண்ணா என்றாள். அவர் நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. நானும் ஒரு பெண்தானே, பொய் சொல்லும்போது முந்தானை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். புண் ஆறிவிட்டது. சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பு வாங்கியாகிவிட்டது. வீட்டுக்குள்ளாவது நடக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நடக்காவிட்டால் மற்ற காலும் கெடும் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். இவர் காலைக் கீழே வைக்கவே இல்லை. போனையும் தொடவில்லை. குழுக்காரர்கள் வந்தபோது தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டே போய்விடுவாரோ என்று அழுதேன். மலை மலை என்று அலைந்தபோது அவரைத் திட்டிய நான், எப்படியாவது மறுபடி அலைந்தால் போதும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அந்தக் கோட்டைப் பற்றி நல்ல சேதி ஒன்று கொண்டுவந்து காதில் போட்டால் எழுந்துவிடுவார் என்று தோன்றியது. மகளை வரவழைத்து அவரிடம் விட்டுவிட்டு, மலைக்குப் போகிற பஸ் ஏறினேன்.

நான் போன அன்று சந்தை நாள். ஆண்கள் எல்லோரும் சந்தைக்கு இறங்கிவிட்டார்கள். அந்தத் தங்கச்சி கூடையில் எதையோ வைத்துத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை. பாதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். இல்லை என்றாள். "அவரு செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு கீறாரும்மா. எழுந்திரிக்கவே மாட்றாரு" என்றேன். அவள் கூடையை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாங்கண்ணி என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஊர்க் கடைசியில் இன்னும் சில பெண்கள் கூடையோடு சேர்ந்துகொண்டார்கள். உண்ணிச்செடிப் புதரைத் தாண்டியதும் வெறும் சரிவு. அதில் காலடி பட்டுப் பட்டு வெளுத்த தடம். போனில் அவர் காட்டி, நான் சரியாகப் பார்க்காமலே தலையாட்டிய வெள்ளைக் கோட்டின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சு வாங்கியது, முழங்கால் கெஞ்சியது, ஆனாலும் உட்காரத் தோன்றவில்லை. அடுத்த வளைவுக்கு அந்தாண்டை என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. இந்த ஆள் எதற்கு அலைகிறார் என்று யாரும் எனக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

மரக்கூட்டத்துக்குள் ஒரே நிழல். உள்ளே பேச்சுச் சத்தம். முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு எழுந்து ஓடி வந்து, குழந்தையைத் தங்கச்சியின் கையில் போட்டாள். இவளுடைய உடன்பிறந்த தங்கை அவள். அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று இரண்டு ஊருக்கும் சண்டை வந்து, அந்த ஊர் வீட்டில் இனிமேல் கை நனைப்பதில்லை, போக்குவரத்து இல்லை என்று ஆண்கள் சத்தியம் செய்துகொண்டார்களாம். அது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. காடு யார் வீடும் இல்லை அல்லவா? அதனால் பெண்கள் காட்டில் உட்கார்ந்து கை நனைக்கிறார்கள். கூடையிலிருந்து சோறு வந்தது. எனக்கும் ஓர் இலை போட்டார்கள்.

கோடு சேருகிறது. அதை அவரிடம் சொல்ல என் வாய் துடித்தது. இறங்கும்போது தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணங்கிட்ட சொல்லாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா போன்ல ஏறிடும்."

ஆண்களுக்கு இந்த விஷயம் நிஜமாகவே தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும். தெரியாத மாதிரி கீறாங்க. போன்ல வந்துட்டா அப்புறம் எப்படி தெரியாத மாதிரி இருப்பாங்க?"

அந்தக் குழந்தையின் எச்சில் அவள் தோளில் இன்னும் ஈரமாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தேன். பாதி வரைக்கும்தான் போனேன், ஒரே முள், திரும்பிவிட்டேன். இதைச் சொன்னால் அவர் இன்னும் சுருண்டுவிடுவார் என்றும் தெரியும். நல்ல சேதி கொண்டுவரப் போனவள் வெறுங்கையோடு வருகிறேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் எங்கே போயிருக்கிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைக் கரையில் அப்பியிருந்த ஒட்டுப்புல்லைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கித் தடுத்தார்.

"சேருதோ, சேரலியோ, ஒண்ணும் சொல்லிடாத. நீ சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்குப் போறது?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. விரல் இல்லாத காலை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள் என்று கத்தினேன். முழங்கால் விண்ணென்று வலிக்க, யாருக்காக அந்தச் சரிவில் ஏறினேன் என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, அந்தச் செருப்பை எடு என்றார். குனிந்து வாரை மாட்டிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தார். வைத்து, நின்று, வாசல் வரைக்கும் போனார்.

இப்போது தெருமுனை வரைக்கும் நடக்கிறார். தினமும் பாதத்தை உதறிப் பார்த்து, செருப்பைத் தட்டிப் போட்டுக்கொள்கிறார். எனக்குத்தான் அந்த மரக்கூட்டமும் அந்தப் பேச்சுச் சத்தமும் தொண்டையிலேயே நிற்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்ல வழியில்லாமல் வீட்டுக்குள் நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அரவை முடிந்ததும் மலைக்குப் போவேன் என்கிறார். போய் மறுபடியும் ஆண்களைத்தான் கேட்பார். பாதை இல்லை என்றுதான் சொல்வார்கள். நானும் வரட்டுமா என்று கேட்க வாய் வரை வருகிறது. இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இந்தத் தடவை அவராகக் கூப்பிடட்டும் என்று இருக்கிறேன்.