கையெழுத்து இல்லாத கூட்டம்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை. காலை 4.10க்கு எழுந்தேன். 4.40க்கு, நான் மேனேஜராக இருக்கும் செஞ்சி பஸ் ஷெட்டைத் திறந்து ஆறு பஸ்களுக்கும் ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று பார்த்தேன். 4.55க்கு முதல் சிங்கிள், அதாவது முதல் நடை போகும் டிரைவரை, குடியைக் கண்டுபிடிக்கும் ஊதும் மெஷினில் ஊதச் சொன்னேன். அவலூர்பேட்டை வண்டி. டிரைவரின் பெயரை முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

மெஷின் 46 காட்டியது. சுழியத்தைத் தவிர எது காட்டினாலும் எங்கள் ஷெட்டில் சாவி கிடையாது.

"நேத்து சாயங்காலம் போட்டது சார். இப்ப தெளிவாத்தான் இருக்கேன்."

"அது மெஷினுக்குத் தெரியல."

அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. முதலாளி கொதித்துப்போனார். "மூணு வாரம் டைம். எங்கனா சேர்ந்து குடிய நிறுத்தட்டும். நிறுத்துறான்னு எழுத்துல லெட்டர் வேணும். இல்லன்னா லைசென்ஸ எடுத்துக்கினு கெளம்பட்டும்." அதுவரை ஸ்டியரிங் கிடையாது, வண்டி கழுவும் வேலைதான். முனுசாமிக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். இங்கே வேலை போனால், காரணம் தெரிந்த எந்த பஸ் முதலாளியும் அவரைச் சேர்க்க மாட்டார்.

இடம் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் சொன்னார்: "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு திண்டிவனம் ரோட்டுல ஒரு ஸ்கூல் ரூம்ல கூடுவாங்க. குடிய விட்டவங்களே நடத்துறது. போர்டு இருக்காது."

போர்டு இல்லை என்றதுமே எனக்குச் சந்தேகம்.

ஜூன் 18, மாலை 4.50. முனுசாமியோடு போனேன். வாசலில் பதினோரு ஜோடி செருப்பு. கேட்டில் நின்றவரின் விரல்களில் செம்புக்கம்பி கீறிய தழும்புகள். மோட்டார் காயில் கட்டுபவர் என்று கணித்தேன்.

"ஃபீஸ்?"

"கெடையாது. டீக்கு இஷ்டம்னா எதுனா போடலாம்."

"ரிஜிஸ்டர்?"

"கெடையாது. பேரு கூட கேக்க மாட்டோம்."

சீட்டுக் கம்பெனியா, மருந்து விற்பவர்களா, மதம் மாற்றும் கூட்டமா என்று மனதுக்குள் வரிசையாக ஓடியது. "அப்ப இதுல உங்களுக்கு இன்னா லாபம்?"

"நான் குடிக்காம இருக்கேன் சார். அதான் லாபம். நீங்க குடிப்பீங்களா?"

"தொட்டதே கெடையாது."

"அப்ப வெளிய இருங்க."

குடிக்காத காரணத்துக்காக என்னை வெளியே நிறுத்திய ஒரே இடம் அதுதான். லெட்டர் கேட்டேன். "யாருக்கும் எழுதித் தர்றதில்ல சார்" என்று சொல்லி, முனுசாமியை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

லெட்டர் இல்லையென்றால் நானே ஆதாரம் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். ஜூன் 25, எதிர் டீக்கடையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முனுசாமி என்னைக் கவனிக்கவில்லை. உள்ளே 4.52, வெளியே 6.10. ஜூலை 2, மறுபடியும் அதே பெஞ்சு. டீக்கடைக்காரர் கேட்டார்: "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தீங்களா? அந்த கேட்டையே மொறைக்கிறீங்க?"

அன்று முனுசாமி உள்ளே போகவில்லை. மூலை வரை சைக்கிளில் வந்தார், என்னைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். 'வரவில்லை. ஏமாற்று' என்று எழுதினேன்.

ஜூலை 3 கெடு நாள். காலை ஊதியபோது முனுசாமிக்குச் சுழியம்தான். ஒன்பது மணிக்கு, கேட்டில் நின்ற அதே மனிதர் ஷெட்டுக்கு வந்தார்.

"சார், நேத்து உங்க ஆளு மட்டும் இல்ல, இன்னும் மூணு பேரு வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டாங்க. எதிர்ல ஒருத்தர் நோட்டு வச்சு எழுதிக்கினு இருந்தா, போலீசா, பொண்டாட்டி வூட்டு ஆளான்னு பயப்பட மாட்டாங்களா? அதுல ஒருத்தரு எட்டு மாசமா தொடாதவரு. நேரா டாஸ்மாக் கடைக்குப் போயிட்டாரு."

"யாரு அது?" என் கை பேனாவைத் தேடியது.

"பாருங்க, மறுபடியும்!" என்றார். சிரிக்கவில்லை.

ஷெட் வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். சாவி கொடுக்கும் இடத்தில் ஆளைச் சோதிப்பது நம் வேலை. அதில் தயவு பார்க்காதீர்கள். ஆனால் அவன் தேறுவதற்காகப் போகிற இடத்துக்குப் பின்னாலேயே போகாதீர்கள். எட்டு மாதம் தாங்கிய ஒருவரை நான் ஒரே சாயங்காலத்தில், டீ குடித்துக்கொண்டே, கவிழ்த்தேன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அன்று மாலை முதலாளியிடம் போனேன். "லெட்டர் கெடைக்காது. தினம் காலையில ஊத வச்சித்தான் சாவி குடுப்பேன். அவருக்கு நான் ஜவாப்."

"குடிகாரனுக்கு ஜாமீனா? அவன் கவுத்தான்னா உன் வேலையும் சேர்ந்து போவும்."

"எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தேன். ஆனால் முனுசாமி அந்த ரூமுக்குத் திரும்பப் போகாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 4. ஷெட்டைத் திறப்பதற்கு முன் முதல் வேலையாக, 4.25க்கு, முனுசாமி வீட்டு வாசலில் நின்றேன். பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"இன்னிக்கு வண்டி உனக்குத்தான். ஞாயித்துக்கெழம நான் அந்த ரோட்டுப் பக்கமே வர மாட்டேன். நீ போ."

"அங்க எல்லாரும் என்னத்தான் சார் மொறைப்பாங்க. இன்னா சொல்றது?"

"மேனேஜர் தப்பு பண்ணிட்டாருன்னு சொல்லு. மன்னிப்பு கேட்டாருன்னு சொல்லு."

வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"மொதல்ல எங்கிட்ட கேளுங்க சார்."

கேட்டேன்.