இத்தா வீட்டில் நெயில் பாலிஷ் வாடை

மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள் யாரும் தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடிப்பதில்லை. அரை லிட்டர் பாட்டிலில் நாலு மிடறு குடிப்பார்கள், மூடியைத் திருகி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் கணவருக்கு மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடித்துக் கூட்டம் கலைந்தபோது, பாம்பனில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்படி முன்னூறு பாட்டிலாவது கிடந்தது. பத்து நாள் லீவில் வந்திருந்த மகன் எல்லாவற்றையும் மூன்று சாக்கில் அள்ளிப் பின்கட்டில் கட்டிப் போட்டான். "பழைய சாமான்காரன் வந்தா போட்டுருங்க உம்மா" என்று சொல்லிவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறினான்.

நல்ல பிள்ளைதான். ஆனால் பழைய சாமான்காரனைக் கூப்பிட நான் தெருவாசலுக்குப் போகவேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. நான் இத்தாவில் இருந்தேன். கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும். வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. வெள்ளைச் சேலை. பூ கிடையாது, அத்தர் கிடையாது, கண்ணுக்குச் சுர்மா கிடையாது. எனக்கு அதில் ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. முப்பது வருஷமாக அவர் சவுதியில் இருந்தார், நான் இங்கே இருந்தேன். தனியாக வீட்டுக்குள் கிடப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கஷ்டம் வேறு. முன்பெல்லாம் போன் வரும். ராத்திரித் தொழுகை முடிந்ததும் அவர் கூப்பிடுவார். ஐந்து நிமிஷம் பேசுவோம், அல்லது பேசுகிற மாதிரி இருப்போம். அவர் ஊரோடு வந்து சேர்ந்து ஒன்பதே மாதத்தில் போய்விட்டார். இப்போது போன் மௌனமாக மேஜைமேல் கிடந்தது.

ஒரு மாலை அந்தப் போனில்தான் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. யாரோ ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பூ செய்துகொண்டிருந்தாள். பாட்டிலின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே ஐந்து இதழ் இருக்கிறது. அத்தனை வருஷம் பாட்டிலில் தண்ணீர் குடித்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. எழுந்துபோய்ப் பின்கட்டுச் சாக்கைப் பிரித்தேன்.

முதல் பூவில் கையைக் கிழித்துக்கொண்டேன். இரண்டாவதை மெழுகுவர்த்தியில் காட்டி இதழை வளைக்கப் போய்க் கருக்கிவிட்டேன். பத்தாவது பூ பரவாயில்லை. லேபிளை உரித்தபின் ஒட்டியிருக்கும் பசையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கத்தரிக்கோலைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் பாட்டில் ஒரே நீள ரிப்பனாக வரும். மூடிதான் பூவுக்கு நடுப்பொட்டு. இதெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டவை. செய்து முடித்ததைத் தூண்டில் நரம்பில் கோத்தேன். கூடத்து நிலைக்கு ஒரு திரை மாதிரித் தொங்கவிடலாம் என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில் தினமும் என்னைப் பார்க்க வந்தவர் ஒரே ஒரு ஆள், மதினி. என் கணவருக்கு மூத்த அக்காள். பக்கத்து ஊர் அக்காள்மடத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வந்ததும் பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "என்ன புள்ள ஆக்கியிருக்க?" என்று அடுப்படிக்குள் போவார். நான் ஆக்கியதில் உப்புப் பார்த்து, குறை சொல்லி, அதையே இரண்டு தட்டு சாப்பிடுவார். பூக்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத்தாவுல இருக்கவங்க தஸ்பீஹ் மணி உருட்டுவாங்க. நீ பாட்டில உருட்டுறியா?" என்றார். ஆனாலும் மறுநாள் வரும்போது பையில் பத்துப் பாட்டில் இருந்தது. பாலத்தைப் பார்க்கக் கார் நிறுத்துகிற டூரிஸ்ட்டுகள் வீசிவிட்டுப் போனதாம். "குனிஞ்சு பொறுக்குனதுல இடுப்புப் போச்சு" என்று என்னைத் திட்டினார். அப்புறமும் தினம் கொண்டுவந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மதினிக்கும் வாய் சும்மா இருக்காது. ஆனால் அந்த வீட்டில் அப்போது மனிதக் குரல் என்று கேட்டது மதினியின் குரல் மட்டும்தான். மதினி வராவிட்டால் அன்றைக்கு நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

பூக்கள் சேரச் சேர ஒரு குறை தெரிந்தது. எல்லாம் தண்ணீர் நிறம். வெயில் பட்டால் மினுங்கும், பொழுது சாய்ந்தால் ஒன்றுமே இல்லாதது மாதிரி ஆகிவிடும். வர்ணம் வேண்டும். கடைக்குப் போகமுடியாது. அப்போதுதான் பீரோவுக்குள் இருந்த சாக்லேட் டின் ஞாபகம் வந்தது.

அந்த டின் முழுக்க நெயில் பாலிஷ். என் கணவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். சோப்பு, கம்பளி, பால்பவுடர், தைலம் எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கென்று நாலு நெயில் பாலிஷ் பாட்டில் இருக்கும். சிவப்பு, ரோஸ், ஊதா, பொன்வண்டு நிறத்தில் ஒரு பச்சை. ஐந்து வேளை தொழுகிற பெண் நெயில் பாலிஷ் போட்டால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு கூடாது, தொழுகை செல்லாது. இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாதத்தில் தொழுகை இல்லாத அந்தச் சில நாட்களில் போடலாம்தான். போட்டால் இன்றைக்கு இவளுக்குத் தொழுகை இல்லை என்று தெருவுக்கே தம்பட்டம் அடித்த மாதிரி. நான் போட்டதே இல்லை. அவர் கொடுக்கிற பாட்டிலை வாங்குவேன், டின்னில் போடுவேன். யாரைக் கட்டியிருக்கிறோம் என்றே இந்த மனுஷனுக்குத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் புகைவேன். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பழைய பாட்டில்கள் கல்லாகிப் போயிருந்தன. மற்றவற்றில், அவர் அதோடு சேர்த்து வாங்கி வந்திருந்த ரிமூவர் ரெண்டு சொட்டு விட்டுக் குலுக்கினால் இளகி வந்தது. பூவின் உள்பக்கம் பூசவேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த மாதிரிப் பளபளக்கும். முதல் சிவப்புப் பூவைக் கையில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல சிவப்பை இத்தனை காலம் இருட்டில் போட்டு வைத்திருந்திருக்கிறேன். மதினிக்குச் சொல்லவில்லை, அவர் பஸ் ஏறிப் போனபின் உள் அறையில் வைத்துத்தான் பூசினேன். திரை முழுவதும் முடிந்தபின் காட்டி, வாயைப் பிளக்க வைக்கவேண்டும் என்று ஆசை.

நெயில் பாலிஷ் வாடை சும்மா இருக்குமா? கடற்காற்று அதை அடுத்த வீட்டு ஜன்னல் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண் ஒருநாள் கஞ்சி கொடுக்க வந்தாள். கிண்ணத்தை வாங்க நீட்டிய என் கையைப் பார்த்தாள். விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் சிவப்பு. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. கேட்காமலே போய், தெருவெல்லாம் கண்ணும் காதும் மூக்கும் வைத்துச் சொல்லிவிட்டாள்.

அதற்கு மூன்றாம் நாள், எப்போதும்போல மதினி வந்தார். பர்தாவைக் கழற்றவில்லை.

"கையக் காட்டு" என்றார்.

காட்டினேன்.

"என்ன புள்ள இது? இத்தாவுல இருக்கவ பாலிஷ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்னு அக்காள்மடம் வரைக்கும் பேச்சு. போட்டுக்கிட்டியா?"

பூவுக்குப் பூசினேன் என்று சொன்னால் முடிந்தது. உள் அறையில் திரை பாதி கோத்துக் கிடந்தது. கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். ஆனால் 'போட்டுக்கிட்டியா' என்று மதினியே கேட்டது எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷம் என்னைப் பார்த்தவர் கேட்கிற கேள்வியா அது?

"ஆமா, போட்டுக்கிட்டேன். அதுக்கென்ன இப்ப? ஒங்க தம்பி உசுரோட இருக்கையில ஒருநாளும் போட்டதில்ல. இப்பத்தான் போட்டுப் பாக்கிறேன்."

மதினியின் முகம் செத்துப்போனது. "அவன் கபுருல மண்ணு இன்னும் காயல" என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்த பாட்டில் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் வரவில்லை. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாதம். போன் செய்யலாம். எடுத்து நம்பரைப் பார்ப்பேன், கீழே வைத்துவிடுவேன். நான் ஏன் முதலில் பேசவேண்டும்? அப்படி ஒரு வீம்பு. மகன் வீடியோவில் வந்து "என்ன செய்றீங்க உம்மா?" என்பான். "சும்மாதான் இருக்கேன்" என்பேன். ஒருநாள் முழுக்க என் வாயிலிருந்து வந்த பேச்சு அது மட்டும்தான். ஒருநாள் ஆக்கிய சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, உப்புச் சரியா என்று கேட்க ஆளில்லாமல் அப்படியே மூடிவைத்தேன்.

திரை முடிந்தது. இருபது சரம், சரத்துக்குப் பத்துப் பூ. நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். காற்றில் ஒன்றோடொன்று இடித்துச் சலசலத்தது. அழகாகத்தான் இருந்தது. பார்க்க யார் இருக்கிறார்கள்?

இத்தா முடிகிற நாள் நெருங்க நெருங்க நான் காலண்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அன்றைக்குத் தலைக்குக் குளித்து, கலர்ச் சேலை கட்டி, வாசல் தாண்டவேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்து, கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவது கணவரின் அக்காள். மதினி வராவிட்டால் ஊர் பேசியது உண்மை என்று ஆகிவிடும். ஊர் கிடக்கட்டும். மதினி வராவிட்டால், இனிமேல் எனக்கென்று இந்தக் கதவைத் திறந்து வர ஒரு ஆள் கிடையாது. அதுதான் என் பயம்.

அன்று காலையில் குளித்தேன். வெள்ளைச் சேலையையே திரும்பக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மதியம் லுஹர் ஆனது. அடுத்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னும் யாரும் வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது கேட் சத்தம் கேட்டது.

மதினி. கையில் மஞ்சள் துணிப்பை. கூடத்து நிலையில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு சரத்தைப் பிடித்தார், பூவைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"ஒங்க தம்பி கொண்டாந்த பாலிஷ்தான். இதுக்குத்தான் பூசுனேன். கையில போடல" என்றேன்.

"நீ போட்டிருக்க மாட்டன்னு வீட்டுக்குப் போயி யோசிச்சதும் தெரிஞ்சுபோச்சு" என்றார் மதினி. "ஊர்ப் பேச்சுக்காக நான் வராம இருக்கல. அவன் இருக்கையில ஒருநாளும் போட்டதில்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன பாரு, அது குத்திருச்சு."

"உண்மைதானே மதினி?"

மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "அவன் போன் போடுறப்பல்லாம் கேப்பான். அக்கா, அவ அத போட்டுக்கிறாளான்னு. நான், 'ஆமா, போடுறா'ன்னு சொல்லிட்டேன். லீவுல வந்துட்டு, அவ நகத்துல ஒண்ணையும் காணலியேன்னு கேட்டான். நீ இருக்கையில கூச்சப்படுறாடா, நீ பிளேன் ஏறுனதும் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான்னு சொன்னேன். அவ்வளவு சந்தோசம் அவனுக்கு. அடுத்த லீவுக்கு இன்னும் ரெண்டு பாட்டில் சேத்து வாங்கிட்டு வந்தான்."

"ஒளு கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? தொழுகை இல்லாத நாலு நாளைக்காச்சும் போடட்டுமேன்னுதான் வாங்குனான்."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "எதுக்கு மதினி அவர்கிட்டப் பொய் சொன்னீங்க?"

"நீ என்ன சொல்லுவ அவன்கிட்ட? கேஸ் வந்துருச்சு, கரண்டு பில்லு கட்டியாச்சு, புள்ளைக்குக் காய்ச்சல். இதத்தானே? அங்கன ஒரு ரூமுல எட்டுப் பேரோட கெடந்தவனுக்கு யாராச்சும் ஒண்ணு நல்லதா சொல்ல வேணாமா?"

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. என் கணவர் ஊரோடு வந்த அந்த ஒன்பது மாதத்தில் ஒருநாள், நான் மீன் அரிந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். "அந்தப் பாட்டில்லாம் தீந்துபோச்சா?" என்று கேட்டார். "எந்தப் பாட்டிலு?" என்றேன், திரும்பாமல். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார். நான் மீனைக் கழுவப் போய்விட்டேன். நான் தனியாக இருந்தேன் தனியாக இருந்தேன் என்று முப்பது வருஷம் கணக்குப் பார்த்திருக்கிறேன். அவரும் அதே முப்பது வருஷம் தனியாக இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மதினி சேலையை எடுத்து என் மடியில் வைத்தார். இளம்பச்சை. கட்டிக்கொண்டு வந்தேன். கையைப் பிடித்து வாசல் தாண்டவைத்தார். நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு வெளிவெயிலில் கண் கூசியது. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். மதினி நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "வா புள்ள, ஒழுங்கா நட" என்று சத்தம் போட்டார்.

கேட் வரை போய்த் திரும்பினோம். மதினி பர்தாவைச் சரிசெய்துகொண்டார், பையை எடுத்துக்கொண்டார். "பஸ்ஸு வந்துரும். நான் வாரேன்."

போய்ட்டு வாங்க என்று சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். அவரை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட் கார் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, கண் கலங்காமல், பதினைந்து தடவை சொன்னவள். அன்றைக்கும் அதுதான் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"போகாதீங்க மதினி" என்றேன். "இங்கன தனியா இருக்க என்னால முடியல."

மதினி பையைக் கீழே வைத்தார்.

"இத அவன்கிட்ட ஒரு தடவையாச்சும் சொன்னியா புள்ள?"

"இல்ல மதினி" என்றேன்.