வாங்கோ என்றவர்

விசித்திரப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் அந்த வீடியோ கேம் பள்ளி நாட்களில் எனக்கு உயிர். போன மாதம் அதன் பழைய கேசட்டை ஹோம்புஷ் கடைத்தெருவில் ஒரு ஈழத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவர்.

"உள்ளுக்க இருக்கிற பற்றரி முடியப் போகுது. மாத்தினா நீங்கள் பிடிச்சதெல்லாம் அழிஞ்சு போயிடும்," என்றவர், கேபிளை மாட்டி என் பிராணிகளை ஒவ்வொன்றாகத் தன்னுடைய கேசட்டுக்கு மாற்றினார். திரையில் ஒன்று வந்து சேரும்போதெல்லாம் "வாங்கோ" என்றார். முப்பது பிராணிகளுக்கும் அலுக்காமல் சொன்னார்.

மறுவாரம் போனேன். புது பேட்டரி போட்டு, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

"ஆனா தம்பி, இது புது ஆட்டம். இனி அதுகளுக்கு நீங்கள் வேற ஆள். சொல்லுக் கேளாதுகள்."

"நான் பிடிச்சதுதானே அங்கிள்?"

"ஓம், உங்களுக்குத் தெரியும். அதுகளுக்குத் தெரியாதே. கொஞ்ச நாள் பொறுங்கோ."

வீடு திரும்பும் ரயிலில், நான் முதன்முதலில் பிடித்த வௌவாலைச் சண்டைக்கு இறக்கினேன். என் கட்டளையைச் சட்டை செய்யாமல் அது தூங்கிவிட்டது. அதட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "வாங்கோ," என்றேன்.