கடல்தண்ணி ஓடுற மிஷின்

மும்பை தாராவியில் காசிம் பாயின் பட்டறையில் நிற்கிறேன். என் மீன்பிடி லாஞ்சுக்கு மீன் வைக்கும் ஐஸ்பெட்டியைக் குளிர வைக்கிற மிஷின் வாங்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறேன். பாய் விசிறி வைத்த மிஷினை ஓடவிடுகிறார். மிஷினின் சூட்டை வெளியே தள்ளும் காற்று முகத்தைச் சுடுகிறது. பக்கத்தில், அந்தச் சூட்டைக் குழாயில் ஓடும் கடல்தண்ணீரால் தணிக்கும் இன்னொரு மிஷின் நிற்கிறது.

"இதையே எடுத்துக்கோ தங்கச்சி. கடல்தண்ணி ஓடுற மிஷின்ல உப்பு குழாயைத் தின்னுரும்."

"எஞ்சின் ரூம்ல காத்தே கொதிக்கும் பாய். விசிறி எதைக் குளிர வைக்கும்?"

"குழாய் மாத்துறது பொம்பளைக்கு ஒத்துவராது."

போன கோடையில் வாங்கிப் போன ஐஸ் கரைந்து, பிடித்த மீன் முழுவதும் அழுகிப்போக, கடலிலேயே கொட்டினேன். மறுபடி எங்ககிட்டதான் ஐஸுக்கு வரணும் என்று ஐஸ் வியாபாரிகள் சிரித்தார்கள்.

"தின்னா தின்னட்டும். மாத்துறதுக்கு நான் இருக்கேன். எப்படின்னு இப்பவே காட்டுங்க."

பாய் தண்ணீர் மிஷினின் மூடியைக் கழற்றி, ஸ்பானரை நீட்டுகிறார். முதல் நட்டு இறுகிக் கிடக்கிறது. இரண்டு கையாலும் திருகுகிறேன். அசைகிறது.