ஜென்ட்லி போர்டும் இரும்புக் கொக்கியும்

பச்சைத் தேயிலையை வாங்கிப் பேக்டரிக்கு ஏற்றிவருகிற ஏஜென்ட் நான். எனக்கு மழையைச் சமாளிக்கத் தெரியும், காட்டெருமையைச் சமாளிக்கத் தெரியும். பேக்டரி வாசலில் இங்கிலீஷ் போர்டு மாட்டிய உங்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. நீங்கள் முதலாளியோ, மேனேஜரோ, எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் இலையைக் கெடுப்பது நீங்கள்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, லோடு ஏற்றி, சண்டை போட்டுப் பேரம் பேசியே ஒரு பிக்கப் வண்டி வாங்கினவன் நான். ஜென்ட்லி, சாஃப்ட்லி, கேர்ஃபுல்லி என்று நீங்கள் எழுதி வைத்ததற்கெல்லாம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இலையை நோகாமல் தொடு, அழுத்தாமல் வை, பார்த்துக் கொண்டுவா. நியாயம்தான். அழுத்தின இலை சூடேறிச் சிவந்துபோகும். சிவந்ததில் நல்ல டீ வராது.

என்னைப்போல இலை ஏற்றிக்கொண்டு பேக்டரி கேட்டில் காய்கிற அண்ணன் தம்பிகளே, நீங்களும் பட்டதுதான், இருந்தாலும் கேளுங்கள்.

ஜென்ட்லி

கட்டபெட்டுப் பக்கம் சரசக்காவுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. காட்டேஜ் கட்டுகிறவர்கள் அந்த நிலத்தைக் கேட்டு நடையாய் நடக்கிறார்கள். இலை விற்கிற வரைக்கும் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறவர் அவர்.

பறித்ததைச் சாக்கில் திணித்து, முழங்காலால் அமுக்கித்தான் கட்டுவார். ரோடு வரைக்கும் தலைச்சுமை. சாக்கு குறைந்தால் நடை குறையும். இங்கே எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். போர்டில் இருப்பதைச் சொல்லி நடுரோட்டில் நின்று கத்தினேன். மறுநாள் சாக்கெல்லாம் பாதிதான் நிரம்பியிருந்தது. கூடுதலாக நடந்த களைப்பில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரசக்கா கேட்டார்: “ஏனுங்க தம்பி, இலைகிட்ட மெதுவா நடந்துக்கச் சொன்ன போர்டுல, மனுசங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு எழுதலைங்களா?”

சாஃப்ட்லி

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை, பஸ் வரவில்லை. இலை பறிக்கிற பெண்கள் என் வண்டியில் ஏறிச் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இலை நசுங்குது, இறங்குங்க என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. அவர்களில் மாரியம்மா என்ற பெண் மட்டும், நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னாள்: “எங்க இடுப்பு ஒடைஞ்சாலும் பரவால்ல, உங்க இலை கசங்கக் கூடாது. அப்படித்தானுங்களே அண்ணா?”

மறுநாளே வண்டிக்குக் குறுக்கே பலகை அடித்தேன். இப்போது பலகைமேல் ஆள், பலகைக்குக் கீழே இலை. மாரியம்மா அதையும் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இலைக்கு மெத்தை, எங்களுக்குப் பலகை. நடத்துங்க.”

கேர்ஃபுல்லி

பாதிச் சாக்கு, பலகை வண்டி, இத்தனையும் செய்து பேக்டரிக்குப் போனால் அங்கே கூரை கிடையாது. உச்சி வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்ததும் லோடு இறக்குகிறவர்கள் இரும்புக் கொக்கியைச் சாக்கில் குத்தி இழுத்துத் தொப்பென்று சிமென்ட் தரையில் போடுகிறார்கள். பிறகு இலை பார்க்கிற ஆபீசர் வந்து, உள்ளே கையை விட்டு, சுடுது, சிவந்திருக்கு, எடுத்துட்டுப் போங்க என்கிறார். உங்க வெயில், உங்க தரை, என் குத்தமா என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் போர்டைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

நானும் போர்டைப் பார்த்தேன். அதே நேரம் இறக்கி முடித்த ஒருவர் வந்து, ஜென்ட்லி போர்டு தொங்குகிற ஆணியிலேயே தன் கொக்கியை மாட்டினார். முறைத்தேன். அவர் சிரிக்கவில்லை: “வேற எங்கங்க மாட்டறது? இந்தச் சுவத்துல இருக்கறதே ஒரு ஆணிதான்.”

கைண்ட்லி

போர்டில் இல்லாத மரியாதை போனில் வந்தது. ‘கைண்ட்லி’, அதாவது தயவுசெய்து, என்று ஆரம்பித்து, ஆபீசர் வேண்டாமென்ற அதே இலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி பேக்டரியிலிருந்து மெசேஜ். எடுத்துக்கொண்டு போய் சரசக்காவின் வீட்டு வாசலில் இறக்கினேன். யாரும் சொல்லாமலே அன்றைக்கு மெதுவாகத்தான் இறக்கினேன். அவர் ஒரு சாக்கைப் பிரித்து, கொக்கி கிழித்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இன்னொருக்கா திரும்பி வந்துச்சுன்னா நிலத்தைக் காட்டேஜ்காரங்களுக்கே எழுதிக் குடுத்தர்றேனுங்க தம்பி. அவங்க கல்லுதானே கொண்டாருவாங்க, அது கசங்காது.”

போர்டு மாட்டினவரே, அந்த அம்மா அடுத்த பறிப்பைப் பறித்துக்கொண்டிருக்கிறார். அதே பாதிச் சாக்குகளோடு உங்கள் கேட்டுக்குத்தான் வருவேன். அதற்குள் ஒரு கூரை போடுங்கள், கொக்கியை ஒழித்துவிட்டு ஒரு தள்ளுவண்டி வாங்குங்கள். முடியாதென்றால் இன்றைக்கே அந்த இங்கிலீஷை இறக்கிவிட்டு, உங்களுக்கு உபயோகப்படுகிற ஆணியை மட்டும் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள்.