கூட்டலில் சரி, கழித்தலில் தப்பு

1

"மேடம், உங்க அசெம்பளர் சரியா இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. அப்ப தப்பு என் சிப்லதான்னு இங்க முடிவே பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங் இருக்கு."

பேசியவர் பாஸ்கரன். எங்கள் வாடிக்கையாளரின் பெங்களூர் ஆபீசில் சிப் வடிவமைப்பவர். அதுவரை நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் மெயில் எழுதிக்கொண்டதோடு சரி. திடீரென்று போனில் தமிழில் பேசுகிறார் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று தெரிந்தது. வேறெதுவும் எனக்குப் புரியவில்லை.

இது இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில் நடந்தது. பூனாவில் ஔந்த் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. நான் அதே ஊரில் போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பாவுக்கு கட்கியில் ஃபேக்டரி வேலை. ஆபீசுக்கு ஒரே பஸ். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பாஸ்கரனின் சிப்பில் பன்னிரண்டு புதுக் கட்டளைகள், அதாவது இன்ஸ்ட்ரக்‌ஷன்கள். அவற்றை, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் அசெம்பளர் ஒன்றுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புரோகிராமர் எழுதும் வரியை சிப்புக்குப் புரியும் ஒன்று, பூஜ்யங்களாக மாற்றுவதுதான் அசெம்பளர். எந்த வரிக்கு எந்த பிட்டுகள் என்பது ஒரு டேபிளில் இருக்கும். மேனுவலைப் பார்த்து அதில் பன்னிரண்டு வரி சேர்த்தேன். பிட்டுகளைத் திரும்ப வரியாக மாற்ற டிஸ்அசெம்பளர் என்று ஒன்று உண்டு. நான் கொடுத்த வரிகள் அதன் வழியாக அப்படியே திரும்பி வந்தன. பன்னிரண்டும் பாஸ். எல்லாம் சரி என்று மெயில் போட்டேன். நான் செய்த மாற்றம், அதாவது பேட்ச், அந்த அசெம்பளரின் பொது மெயிலிங் லிஸ்டுக்கும் என் பெயரில் போய்விட்டது.

2

பாஸ்கரன் சிப்பைச் சோதிக்கும் போர்டில் புதுக் கூட்டல் சரியாக ஓடியது. புதுக் கழித்தல் ஓடவில்லை. ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் மைனஸ் இரண்டு வந்தது. கூட்டலில் எந்த எண் முன்னால் வந்தாலும் விடை ஒன்றுதான், கழித்தலில் அப்படியில்லை. அந்த எண்களை வைத்திருக்கும் இரண்டு ரெஜிஸ்டர்களும் எங்கேயோ இடம் மாறியிருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாற்றியது யார் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் டீம் லீடர் ஜோஷி சாருக்கு, தப்பு சிப்பில்தான் என்பதில் சந்தேகமே இல்லை. டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டதல்லவா, பிறகு நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று இந்தியில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் மூன்று நாள் மேனுவலின் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் படித்தால் என் டேபிள் சரி என்று தோன்றும். சாயங்காலம் படித்தால் எதுவுமே தோன்றாது. டெஸ்டை மறுபடி ஓட்டுவேன், பாஸ் ஆகும். ஒரு தடவை ஃபெயில் ஆகியிருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

3

புதன்கிழமை மத்தியானம் பாஸ்கரன் மறுபடி கூப்பிட்டார். கழித்தலுக்குத் தன் டிசைனில் உள்ள முப்பத்திரண்டு பிட்டையும் வாசிப்பதாகவும், நான் என் அவுட்புட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் வாசிக்க வாசிக்க பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஐந்து பிட் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஐந்தும் ஒத்துப்போகவில்லை. ஒரு ரெஜிஸ்டருக்கு ஐந்து பிட்; அவருடைய முதல் ஐந்து என்னிடம் இரண்டாவதாக இருந்தது.

அவர் கேட்டார்: "டெஸ்ட்ல சரியான விடைன்னு ஒரு ஃபைல் இருக்குமே, அது எங்கேருந்து எடுத்தீங்க?"

என் அசெம்பளரையே ஓட்டி, அது கொடுத்ததையே காப்பி பண்ணி, அதுதான் சரியான விடை என்று வைத்திருந்தேன். அசெம்பளர், டிஸ்அசெம்பளர் இரண்டும் படிப்பது ஒரே டேபிளை. ஒன்று மாற்றிப் போடும், இன்னொன்று அதைத் திரும்ப மாற்றிவிடும். ஆயுசுக்கும் பாஸ் ஆகும்.

மேனுவலில் பழைய இன்ஸ்ட்ரக்‌ஷன்களுக்கு முதல் ரெஜிஸ்டர் இடப்பக்கம். புது அத்தியாயத்தின் படத்தில் அது வலப்பக்கம் இருந்தது. அதை ஒரு வரியில் சொல்லக்கூட இல்லை. பழக்கத்தில் நான் பழையபடியே போட்டிருந்தேன். மேனுவல் தெளிவாக இல்லை என்று எழுதிவிடு, அதுவும் உண்மைதானே என்றார் ஜோஷி சார். அப்படியே டைப் பண்ணினேன். உண்மைதான், ஆனால் அதைப் படிக்கிறவர்களுக்கு சிப் சரியா தப்பா என்பது தெரியாது. அழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன்: சிப் சரி. என் டேபிளில் இரண்டு இடங்கள் மாறிவிட்டன. என் டெஸ்டால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மெயிலிங் லிஸ்டுக்கும் அதையே அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் நடக்கவில்லை. அன்று பாஸ்கரன் போன் செய்தார்.

"புதன்கிழமை வரைக்கும் ரெண்டு நாளா நான் டிசைனை மாத்திட்டு இருந்தேன் மேடம். நீங்க அவ்ளோ உறுதியா எழுதியிருந்தீங்க, நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"நெஜமா எனக்கு ஒண்ணும் புரியல சார். புரியலன்னு எழுத வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

இன்று டீமில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். டெஸ்டின் விடையை முதலில் பேப்பரில் கையால் போடுங்கள்; முடிந்தால் அதை வேறொருவர் போடட்டும். டெஸ்ட் பாஸ் ஆன பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால், அந்தக் குழப்பத்தையும் மெயிலில் எழுதுங்கள். நான் எழுதாததால், சரியாக இருந்த சிப்பை ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து தப்பாக்கிக்கொண்டிருந்தார்.